பாழடைந்த கட்டிடத்தை இயற்கைக் கல்வி மையமாக்குதல்: செங்கோட்டை வட்டார ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

செங்கோட்டை, புளியரை, பண்பொழி, வடகரை, மேக்கரை என்று கேரள எல்லை மலையடிவாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் பூட்டிக் கிடக்கும் கட்டிடம் ஒன்றாவது கண்ணில் படும். பிள்ளைகள் குறைந்ததால் மூடப்பட்ட தொடக்கப் பள்ளி, ஓட்டம் நின்றுபோன அரிசி ஆலை, பாசனப் பிரிவு ஊழியர்கள் குடியிருந்த ஓட்டு வீடு, வாரிசுகள் வெளிநாடு போய்விட்ட பண்ணை வீடு என அவை பல வகை. அவற்றில் ஒன்றை ஊர்ப் பிள்ளைகளும் பெரியவர்களும் தங்கள் குளத்தையும் வயலையும் மலையையும் கூர்ந்து பார்க்கப் பழகும் இடமாக மாற்ற நினைப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது.

ஆள் நடமாட்டம் நின்றுவிட்ட கட்டிடம் காலியாகிவிட்டதாக நினைப்பதிலிருந்துதான் தவறுகள் தொடங்குகின்றன. மனிதர் வெளியேறிய சில ஆண்டுகளுக்குள் கூகை ஆந்தை, வௌவால், உழவாரன் குருவி, மரநாய், கீரி, குளவி என்று பல உயிர்கள் அங்கே குடியேறிவிடுகின்றன. முதலில் அவற்றையெல்லாம் விரட்டி, வெள்ளையடித்து, டைல்ஸ் ஒட்டி, சுவரில் புலிப் படம் வரைந்து, அதன்பிறகு இயற்கையைக் கற்பிக்கப் புறப்படும் மையத்தில் பிள்ளைகள் பார்ப்பதற்குப் படங்கள் மட்டுமே மிஞ்சும். ஆகவே, குடியிருக்கும் உயிர்களைக் கணக்கெடுத்து முடிக்கும் வரை ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்காமல் இருப்பதே இந்த வழிகாட்டியின் முதல் விதி. கணக்கெடுக்க உள்ளே நுழைவதற்கே அனுமதி வேண்டும் என்பதால், அலுவலக வேலையை அதற்கும் முன்னால் முடித்தாக வேண்டும்.

இடம் யாருடையது

கட்டிடம் யாருடையது என்று ஊரார் சொல்வதும் ஆவணம் சொல்வதும் பல சமயங்களில் ஒத்துப்போவதில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணுக்குரிய நில உரிமையைக் காட்டும் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். தனியார் இடமாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டு, வாரிசுகள் எத்தனை பேர், எல்லோரும் சம்மதிப்பார்களா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால், பழைய பத்திரங்கள் கையில் கிடைக்கும்போது அவற்றில் கொல்லம் ஆண்டு குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அந்த ஆண்டு ஆவணியில் பிறக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிகளுக்கு 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதிகளுக்கு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும். பத்திரம் மலையாள எழுத்தில் இருந்தால் அதை வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவராவது இந்தப் பக்கத்து ஊர்களில் இன்னும் இருப்பார்.

குளத்துப் புறம்போக்கில் நிற்கும் கட்டிடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன்மேல் ஆசை வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. குளத்தைப் பற்றிப் பாடம் சொல்லும் மையமே குளத்தை ஆக்கிரமித்து நிற்பது எவ்வகையிலும் முறையாகாது. இடம் காப்புக் காட்டையோ நெல்லை வனவிலங்குச் சரணாலயத்தையோ ஒட்டியிருந்தால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டுவிடுங்கள். ஊர் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளதா என்பதையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் பட்டியலில் இருந்தால் புதிதாக ஓர் அறை கூட்டிக் கட்டுவதற்குக்கூட நடைமுறை வேறாகிவிடும்.

ஊராட்சிக் கட்டிடம் என்றால் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுவதே உறுதியான வழி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. தீர்மானத்தில் கட்டிடத்தின் சர்வே எண், பயன்பாடு, காலம், மின்கட்டணம் கட்டுபவர், பழுது பார்ப்பவர் ஆகியவை தெளிவாக எழுதப்பட வேண்டும். தலைவர் மாறினால் மையம் காலி செய்யப்படுவது இப்படி எழுதிக்கொள்ளாத இடங்களில்தான் நடக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பத்தாண்டுக்குக் குறைந்த ஒப்பந்தத்தை நம்பிக் கூரையில் பணம் போட வேண்டாம் என்பது என் கருத்து. ஒப்பந்தம் தனி ஆளின் பெயரில் இல்லாமல் ஓர் அமைப்பின் பெயரில் இருப்பது நல்லது. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். அந்த ஏழு பேரில் ஆசிரியர் ஒருவரும், குளத்துப் பாசன விவசாயி ஒருவரும், பெண்கள் குறைந்தது மூவரும் இருக்கட்டும். ஊராட்சியின் உயிரினப் பன்மை மேலாண்மைக் குழுவையும் தொடக்கத்திலேயே அழைத்துக்கொள்ளுங்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் அந்தக் குழு இருக்க வேண்டும் என்றாலும், பல ஊர்களில் அது காகிதத்தில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. மையத்தின் பதிவுகள்தான் பின்னாளில் அக்குழுவின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கு உருப்படியான சரக்காக அமையும்.

கட்டிடத்தின் உறுதி பற்றி இந்த மாவட்டங்களில் அதிகாரிகள் கூடுதல் எச்சரிக்கையோடு இருப்பதற்குக் காரணம் உண்டு. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் இறந்தபின், மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டிடங்கள் கணக்கெடுக்கப்பட்டு ஏராளமானவை இடிக்கப்பட்டன. இடிப்புப் பட்டியலில் ஏறிவிட்ட கட்டிடத்தை மீட்பது கடினம் என்பதால், பொறியாளரின் உறுதிச் சான்றை முன்னதாகவே பெறுங்கள். பிள்ளைகள் கூடும் இடம் என்பதால் பொதுக் கட்டிட உரிமம் பற்றியும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

உள்ளே குடியிருப்பவை

சாவி கைக்கு வந்ததும் தனியாகவோ வெறுங்காலோடோ உள்ளே போக வேண்டாம். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் உள்ள பகுதி இது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கைத்தடி, டார்ச் ஆகியவற்றோடு பகல் வெளிச்சத்தில் இரண்டு மூன்று பேராகப் போங்கள். குவிந்து கிடக்கும் ஓட்டையும் மரத்தையும் கையால் புரட்டாதீர்கள். பாம்பு கண்ணில் பட்டால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொன்னால் வந்து பிடித்துச் செல்வார்கள்.

மாலையில் கட்டிடத்துக்கு வெளியே, வாசலையும் சன்னல்களையும் ஒருசேரப் பார்க்கக்கூடிய இடத்தில், சூரியன் மறைவதற்குக் கால் மணி நேரம் முன்பு அமர்ந்து, இருள் கவியும் வரை எது எந்தத் துளை வழியாக வெளியேறுகிறது என்று எழுதுங்கள். ஒரு நாள் பார்த்தது போதாது. சாரல் விழும் ஆடியிலும், ஐப்பசி மழையிலும், மாசி வெயிலிலும் பார்த்தால்தான் குடியிருப்பவை எவை, வந்துபோகிறவை எவை என்று பிரித்தறிய முடியும். தரையில் நடமாடும் உயிர்களைக் கண்டறிய ஒரு பழைய உத்தி உண்டு: அடுப்புச் சாம்பலை மெல்லிய துணியில் சலித்து, அறை வாசலில் ஒரு முழ அகலத்துக்குத் தூவிவிட்டு மறுநாள் விடியலில் போய்ப் பாருங்கள். நகக்குறி இல்லாமல் நான்கு விரல் பதிந்திருந்தால் பூனை. ஐந்து விரல் பதிந்திருந்தால் மரநாயாகவோ கீரியாகவோ இருக்கக்கூடும். இந்தச் சாம்பல் பாடமே மையம் திறந்தபின் பிள்ளைகளுக்கான முதல் வகுப்பாகவும் அமையலாம், அதற்குச் செலவும் ஒன்றுமில்லை.

கூகை இருந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன், ஊரில் பலர் அதை அபசகுனம் என்று சொன்னாலும். அது குடியிருக்கும் விட்டத்துக்கு நேர் கீழே, கட்டைவிரல் நீளத்துக்கு உருண்டைகள் கிடக்கும். புதியவை கறுத்துப் பளபளப்பாகவும், பழையவை சாம்பல் நிறத்தில் உதிரும் பஞ்சுபோலவும் இருக்கும். இவை எச்சம் அல்ல. முழுதாக விழுங்கிய எலியின் மயிரையும் எலும்பையும் கூகை வாய்வழியாகக் கக்கிய உருண்டைகள். கையுறை போட்டுப் பொறுக்கி, நன்கு காயவைத்து, வெந்நீரில் ஊறப்போட்டு, ஊசியால் மயிரை விலக்கினால் மண்டையோடு முழுதாக வெளிவரும். முன்பற்கள் ஆரஞ்சு மஞ்சளாக நீண்டு வளைந்து, அவற்றுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் அது எலி. வெள்ளையான சிறு கூர்ப் பற்கள் இடைவெளியின்றி வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. ஓர் ஆண்டு முழுக்க மாதம் ஒருமுறை இப்படி எண்ணி எழுதினால், கார் நெல் அறுவடைக்கும் பிசான நெல் அறுவடைக்கும் இடையே அந்த வயல்வெளியில் எலிகள் கூடுவதும் குறைவதும் தெரியவரும். அபசகுனம் பற்றிய பேச்சை விவசாயிகள் கைவிடுவதற்கு இந்த மண்டையோடுகளை ஒரு தட்டில் பரப்பி வைப்பதைவிடச் சிறந்த உபாயம் எனக்குத் தெரியவில்லை.

கூகை முட்டையிட்டது முதல் குஞ்சு பறந்து போவது வரை ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அக்காலத்தில் அந்த அறையின் கூரையைத் தொடக் கூடாது. பிறகும் கூரையை மாற்றியே ஆக வேண்டும் என்றால், இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட மரப்பெட்டி ஒன்றை, அரையடி வாயோடு, அதே மூலையில் பதினைந்தடி உயரத்தில் முன்கூட்டியே மாட்டிவிடுங்கள்.

வௌவால் விஷயத்தில் எல்லைப்புற ஊர்களில் தயக்கம் அதிகம். 2018இல் கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் நிபா வந்தபிறகு, வௌவால் என்றாலே புகை போட்டு விரட்டச் சொல்கிறார்கள். அந்த நச்சுயிரியோடு தொடர்புடையவை பெரிய மரங்களில் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள். இருண்ட அறைகளில் ஒண்டியிருப்பவை பெரும்பாலும் பூச்சி தின்னும் சிறு வகைகள். தரையில் கிடப்பதைப் பார்த்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்: சப்பித் துப்பிய நாரும் பழக்கொட்டையும் கிடந்தால் பழந்தின்னிகள் வருகின்றன, குச்சியால் நசுக்கும்போது பூச்சிச் சிறகின் துகள்கள் மினுங்கிக்கொண்டு உதிரும் சிறிய கரிய எச்சமாக இருந்தால் பூச்சி தின்பவை. எதுவாயினும் பிள்ளைகளை அவற்றின் அடியில் உட்கார வைக்கக் கூடாது. பழைய எச்சத் தூசியே நுரையீரலுக்குக் கேடு செய்யும். அந்த அறையை மரத் தடுப்பால் மற்ற அறைகளிலிருந்து முழுதாகப் பிரித்து, வெளிச் சன்னல் ஒன்றை மட்டும் அவற்றுக்குத் திறந்து விட்டுவிடுங்கள். பிள்ளைகள் அவை வெளியேறுவதை மாலையில் முற்றத்திலிருந்து எண்ணட்டும். மற்ற அறைகளில் படிந்த எச்சத்தை அகற்றும்போது உலர்ந்த நிலையில் பெருக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, என்95 முகக்கவசம் அணிந்து அள்ள வேண்டும். புகை போட்டு விரட்டினால் குட்டிகள் கீழே விழுந்து சாகும். தாய்கள் பக்கத்து வீடுகளின் ஓட்டுக்கூரைக்குக் குடிபோகும். ஊர் உங்களைத்தான் ஏசும்.

பழுது பார்த்தல்

இப்பகுதியில் வேலைக்கான காலம் பிசான அறுவடை முடிந்து ஆட்கள் ஓய்வாகும் மாசிக் கடைசியில் தொடங்கி வைகாசி நடுவோடு முடிந்துவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்றும் சாரலும் இறங்கத் தொடங்கிய பின் ஓட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு நிற்பவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். எனவே கூரை முதலில், சுவர் அடுத்து, தரையும் வண்ணமும் கடைசி என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

ஓட்டுக் கூரையானால் ஆசாரியை வைத்து உத்தரத்தையும் கைமரங்களையும் ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். திடமான மரம் கணீரென்று ஒலிக்கும், கரையான் உள்ளே உண்ட மரம் மொத்தென்று ஒலிக்கும். கைமரம் சுவரில் அமரும் முனைதான் முதலில் உளுத்துப்போகும் என்பதால் அங்கே கூரிய ஊசியைக் குத்திப் பார்ப்பது அவசியம். முனை மட்டும் கெட்டிருந்தால் முழு மரத்தையும் மாற்றத் தேவையில்லை. நல்ல ஆசாரி கெட்ட பகுதியை அறுத்து ஒட்டு வைத்துவிடுவார். உடைந்த ஓட்டுக்கு மாற்று வாங்கப் போகும்போது ஓர் ஓட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சீமை ஓடுகளின் அடிப்பக்கத்தில் ஆலையின் பெயரும் ஊரும் முத்திரையாக இருக்கும். மங்களூர் ஓடும் கொல்லத்து ஓடும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் வரிப்பள்ளம் சற்று மாறினால் ஒன்றோடொன்று பொருந்தாது, பொருந்தாத இடத்தில் சாரல் உள்ளே வரும். பழைய வீடுகளைப் பிரிக்கும் இடங்களில் அதே முத்திரை ஓடு கிடைக்கும். மேற்குப் பக்கத்துக் கீழ்வரிசை ஓடுகளைக் கம்பியால் ஓட்டைத் தாங்கும் பட்டியல் சட்டத்தோடு கட்டிவிடுங்கள், ஆடிக் காற்றுக்கு அது வேண்டும்.

கூரையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை உடைக்கவோ அறுக்கவோ துளையிடவோ கூடாது. நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி, பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்டு அப்புறப்படுத்த வேண்டும். கான்கிரீட் கூரையில் காரை உதிர்ந்து கம்பி துருவேறித் தெரிந்தால் மேலே சிமெண்ட் பூசி மறைத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். துருப்பிடித்த கம்பி பருத்துக்கொண்டே போய் மறுபடியும் காரையைத் தள்ளும். அங்கே பொறியாளரின் முடிவே முடிவு.

சுவர் வெடிப்பு பழையதா, இன்னும் விரிகிறதா என்று அறிய, வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையும் சாந்தால் ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதி, ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, அடித்தளத்தைத்தான் பார்க்க வேண்டும். உடையாமல் இருந்தால் வெடிப்பைச் சாந்தால் நிரப்பினால் போதும்.

நம் பழைய கட்டிடங்களுக்கு நேரும் பெரிய கேடு சிமெண்ட் பூச்சு. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமெண்டைப் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லையே மாவாக உதிர்த்துவிடும். ஆகவே பூசியிருந்தால் உளியால் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள். சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, தண்ணீர் மூடிய நிலையில் குறைந்தது மூன்று வாரம் வைத்திருந்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை விட்டு அரைப்பது இங்கத்திய வழக்கம். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும் என்பதால் பிள்ளைகளை அண்டவிடக் கூடாது. இந்த வேலை தெரிந்த கொத்தனார் அரிதாகி வருகிறார். ஒருவர் கிடைத்தால் இளைஞர் இருவரை அவருக்குக் கையாளாகச் சேர்த்துவிடுங்கள். சுண்ணாம்பு காற்றை உண்டுதான் இறுகும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் பூசி முடித்ததும் திறப்பு விழாவுக்கு அவசரப்படுபவர்களைக் கொஞ்சம் தள்ளியே வைக்க வேண்டியிருக்கும்.

தரைக்கு வழுக்கும் டைல்ஸ் வேண்டாம், சிவப்பு ஆக்சைடு போதும். வாசலில் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற சரிவில் சாய்தளம் வைத்தால் சக்கர நாற்காலியும் வரும், கம்பூன்றி வரும் தாத்தாக்களும் வருவார்கள். மின்கம்பிகளை முழுதாக மாற்றிவிட்டு, வெளி விளக்குகளை மங்கலான மஞ்சளாகவும் தரையை நோக்கியும் அமையுங்கள். இரவு முழுதும் எரியும் வெள்ளை விளக்கு கூகைக்கும் ஆகாது, விட்டில் பூச்சிக்கும் ஆகாது.

தண்ணீருக்குக் கூரையே போதுமானது. நூறு சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் விழும். அதில் எண்ணூறு லிட்டரையாவது தொட்டியில் பிடிக்கலாம். முதல் மழையைத் தொட்டியில் விடாமல் வெளியே திருப்பிவிட ஒரு தனி வாய்க்கால் வையுங்கள், கூரையில் படிந்த எச்சமெல்லாம் அதில்தான் வரும். கழிவறைக்கு இரட்டைக் குழி முறை பொருத்தமானது. கிணற்றிலிருந்து பத்து மீட்டருக்குக் குறையாத தொலைவிலும், குழிகளுக்கு இடையே ஒரு மீட்டராவது விட்டும் தோண்ட வேண்டும். குளத்துக்கு அருகில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறிவிடும் இடமாக இருந்தால் குழியை நம்பாமல் மூடிய தொட்டியாகவே அமைத்துவிடுங்கள்.

காட்சிக்கு எதை வைப்பது

ஊரில் செய்தி பரவியதும் சிலர் அன்போடு மான் கொம்பையும் பாம்புத் தோலையும் கொண்டுவந்து கொடுப்பார்கள்; இன்னும் சிலர் கூண்டோடு கிளியைக் கொடுப்பார்கள். எதையும் வாங்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வைத்திருப்பதே குற்றமாகலாம். அடிபட்ட உயிர்களை வளர்க்கும் இடமாகவும் மையம் மாறிவிடக் கூடாது, அவற்றை வனத்துறையிடம் சேர்ப்பதே முறை.

விதைகள் சேர்க்கத் தடையில்லை. நீர்மருது, இலுப்பை, புங்கம், நாவல், வேங்கை என்று ஊரைச் சுற்றியுள்ள மரங்களின் விதைகளைக் கண்ணாடிப் புட்டிகளில் இட்டு, எந்த மரத்தடியில் எந்த நாளில் பொறுக்கியது என்று எழுதி வைத்தால் அதுவே நல்ல காட்சி. சுவரில் பெரிய நீரோட்ட வரைபடம் ஒன்று கட்டாயம் வேண்டும்: அடவிநயினார் அணையிலிருந்து அனுமன் நதி இறங்குவதையும், அது சிற்றாற்றோடு சேர்வதையும், சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலப்பதையும், உங்கள் ஊர்க் குளம் இவற்றில் எந்த வாய்க்காலிலிருந்து நிரம்பி எங்கே மறுகால் பாய்கிறது என்பதையும் அதில் வரைய வேண்டும். வரைபவர் ஓவியராக இருக்கலாம், ஆனால் சொல்பவர் மடை திறந்து பழகிய நீர்பாய்ச்சியாக இருக்கட்டும். பெயர்ப் பலகைகளைத் தமிழோடு மலையாளத்திலும் எழுதுங்கள். ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் வர முடியும்.

முற்றத்தில் புல்தரை போட்டுத் தண்ணீரை வீணாக்குவதைவிட, புழுக்கள் உண்ணும் செடிகளை நட்டால் வண்ணத்துப்பூச்சிகள் தாமாக வரும். எருக்கு, ஆவாரை, கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆடுதீண்டாப்பாளை ஆகிய ஐந்தை மட்டும் நட்டுப் பாருங்கள். இலையைப் புழு தின்கிறதே என்று பூச்சிமருந்தைத் தூக்கிக்கொண்டு வரும் காவலாளிக்கு முதலில் பாடம் எடுத்தாக வேண்டும்.

நடத்துவது

பல மையங்கள் இரண்டாம் ஆண்டில் பூட்டப்படுவதற்குச் சம்பளம் வாங்கும் பொறுப்பாளர் ஒருவர் இல்லாததே காரணம். கட்டிடத்துக்குத் திரட்டும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் மூன்றாண்டுச் சம்பளத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் பழுது பாருங்கள். பணத்துக்கு மக்கள் பங்களிப்போடு அரசு சேரும் நமக்கு நாமே திட்டம், சட்டமன்ற உறுப்பினர் நிதி, ஊரின் வெளிநாட்டு உறவுகள் ஆகிய வழிகள் உள்ளன. கணக்கை மாதந்தோறும் வாசல் பலகையில் எழுதினால் நான்காவது வழியும் தானாகத் திறக்கும்.

அன்றாட வேலை எளியதாகவும் விடாமல் நடப்பதாகவும் இருக்க வேண்டும். மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் படித்து எழுதுவது அதில் முதன்மை. வானிலைத் துறை பின்பற்றும் நேரம் அதுவே, 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்த நாளையே அவர்கள் மழைநாளாகக் கணக்கிடுகிறார்கள். புளியரையில் ஒரு மானியும் கிழக்கே பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளியில் மற்றொரு மானியும் இருந்தால், கணவாயை விட்டு விலக விலகச் சாரல் எப்படிக் குறைந்துபோகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே வரைபடமாக்கிவிடுவார்கள். வாரம் ஒருமுறை குறிப்பிட்ட மரங்களின் தளிர், பூ, காய் நிலையை எழுதும் சீசன்வாட்ச் முறை கேரளப் பள்ளிகளில் பரவலாக நடக்கிறது, அதை இங்கும் தொடரலாம். மார்கழி, தை மாதங்களில் குளத்துப் பறவைகள். மணிமுத்தாற்றில் உள்ள, ஏட்ரீ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பும் உண்டு. உங்கள் பதிவுகளை இவற்றோடு சேர்த்துவிட்டால் நோட்டுப் புத்தகத்தோடு அவை மக்கிப் போகாது. ஊரும் பறவையும் சேர்ந்து வாழ்வதைப் பார்க்க வேண்டுமானால், 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். வீட்டு முற்றத்து மரங்களில் பறவைகள் கூடு கட்டுவதை அங்கே காணலாம்.

குற்றால சீசனில் வரும் கூட்டத்தை மையத்துக்குள் இழுத்துக் கட்டணம் வசூலிக்கலாம் என்ற யோசனை நிச்சயம் எழும். ஆனி, ஆடியில் அதற்கு இடம் கொடுத்தால் மையம் தின்பண்டக் கடையாகிவிடும் என்று அஞ்சுகிறேன். முன்பதிவு செய்த பள்ளிக் குழுக்களுக்கு மட்டும், ஒரு வேளைக்கு முப்பது பேருக்கு மிகாமல் அனுமதியுங்கள்.

கடைசியாக, விவசாயிகளைப் பற்றி. வடகரை, மேக்கரைப் பக்கம் யானை இறங்கித் தென்னையையும் மாமரத்தையும் சாய்த்துவிட்டுப் போன தோட்டக்காரரிடம் யானையின் பெருமையைப் பேசினால் அவர் மறுமுறை மையத்தின் பக்கமே வரமாட்டார். அவர் சொல்வதை எழுதிக்கொள்வதிலிருந்து தொடங்குங்கள். எந்த நாள், எந்த நேரம், எந்தப் பக்கமாக இறங்கியது, எத்தனை யானைகள், எந்த மரம், எவ்வளவு சேதம், வனத்துறைக்கு எப்போது சொல்லப்பட்டது, இழப்பீட்டு மனு எந்த நிலையில் இருக்கிறது என்ற எட்டுக் கட்டங்களோடு ஒரு பதிவேட்டை வாசலருகே மேசையில் வையுங்கள். காட்டுப்பன்றிக்கும் மயிலுக்கும் அதே பதிவேட்டில் பக்கங்கள் ஒதுக்குங்கள். ஓராண்டுப் பதிவு சேர்ந்ததும் அதை நீரோட்ட வரைபடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வரைபடமாக வரைந்து, வனச்சரகரையும் தோட்டக்காரர்களையும் அதன் முன்னால் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பதும் பொறுப்பாளரின் வேலைப் பட்டியலில் சேர்ந்திருக்கட்டும்.